பாசிட்ரான் தரும் சாட்சியம்: எதை நம்பலாம், எதைக் கேள்வி கேட்கலாம்?

பாசிட்ரான் கற்றையைக் கொண்டு திண்மப் பொருள்களின் உட்குறைகளை ஆராயும் முறையைப் பற்றித் தமிழில் எப்போதாவது ஒரு குறிப்பு வெளிவரும். அப்படி வரும்போது இரண்டு சொற்றொடர்களை அதில் பெரும்பாலும் காணலாம். ‘எதிர்ப்பொருள்’ என்பது ஒன்று. ‘அணு அளவுள்ள ஓட்டையையும் காட்டும் நுண்ணோக்கி’ என்பது மற்றொன்று. முதலாவது வியப்பூட்டுகிறது; இரண்டாவது நம்பிக்கையூட்டுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. பாசிட்ரான் சொன்னதாக நாம் எழுதும் செய்தியில் அது உண்மையிலேயே சொன்னது எவ்வளவு? ஆய்வாளர் ஊகித்துச் சேர்த்தது எவ்வளவு?

இம்முறையின் சிறப்பையும் எல்லையையும் ஒருங்கே வைத்து எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம். எடைபோட வேண்டிய தேவை நமக்கு அருகிலேயே இருக்கிறது. கடலோரமாக வடக்கே சென்றால் கல்பாக்கம். அங்கே 1971-இல் அணு உலை ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி, 1985 முதல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று வழங்கும் நிறுவனம் இருக்கிறது. நம் நாட்டில் பாசிட்ரான் ஆய்வு வேரூன்றிய இடங்களுள் அது ஒன்று. அங்கு அளக்கப்பட்ட பொருள்களுள் வேக ஈனுலைக்கான எஃகும் உண்டு. உலைக்குள் எரிபொருளைப் பொதிந்திருக்கும் எஃகுக் குழாய் எத்தனை காலம் தாங்கும் என்ற கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி ஆகாது. அதற்கு விடை தேட உதவும் சாட்சி எப்படிப்பட்டவர் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

சாட்சியின் வரலாறு

எலெக்ட்ரானைப் பற்றிய தம் சமன்பாட்டை டிராக் 1928-இல் வெளியிட்டார். எலெக்ட்ரானின் நிறையும் அதற்கு நேர்மாறான மின்னூட்டமும் கொண்ட ஒரு துகள் இருக்க வேண்டும் என்று 1931-இல் அச்சமன்பாட்டிலிருந்து முடிவுகட்டினார். மறு ஆண்டே ஆண்டர்சன் விண்கதிர்களில் அதைக் கண்டார். இதற்காக அவருக்கு 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது. பாடநூல் படிப்பு பெரும்பாலும் இவ்வளவில் நின்றுவிடுகிறது. தேர்விலும் ‘பாசிட்ரான் என்றால் என்ன?’ என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இவ்வளவு எழுதினால் போதும்.

ஆனால் பயன்பாடு இதற்குப் பின்தான் தொடங்குகிறது. பாசிட்ரானும் எலெக்ட்ரானும் சந்தித்தால் இரண்டும் அழிந்து, பெரும்பாலும் இரண்டு காமாக் கதிர்களாக மாறுகின்றன. ஒவ்வொன்றின் ஆற்றலும் 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். மருத்துவமனைகளில் எடுக்கப்படும் ‘பெட் ஸ்கேன்’ என்பதும் இக்கதிர்களைப் பயன்படுத்துவதே.

திண்மப் பொருள் ஆய்வுக்குப் பெரும்பாலும் சோடியம்-22 என்ற கதிரியக்க ஐசோடோப்பைப் பயன்படுத்துகிறார்கள். அதன் அரை ஆயுள் 2.6 ஆண்டுகள். அது பாசிட்ரானை வெளிவிடும் சமயத்திலேயே 1.275 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரு காமாக் கதிரையும் வெளிவிடுகிறது. இக்கதிர் பாசிட்ரானின் பிறப்பை அறிவிக்கும் மணியோசை போன்றது. பின்னர் வரும் 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிர் அதன் இறப்பை அறிவிக்கிறது. இரண்டு ஓசைகளுக்கும் இடைப்பட்ட காலமே பாசிட்ரானின் ஆயுள். இரும்பில் அது ஏறக்குறைய 110 பிக்கோ வினாடி. ஒரு வினாடியை ஒரு லட்சம் கோடிக் கூறுகளாக்கினால் ஒரு கூறுதான் ஒரு பிக்கோ வினாடி.

காலி இடமும் அதன் கவர்ச்சியும்

படிகத்தின் படத்தை வரையும்போது அணுக்களை வரிசை பிசகாமல் அடுக்கிக் காட்டுகிறோம். இயற்கையில் அப்படி ஒரு படிகம் இல்லை. எந்தப் படிகத்திலும் சில இடங்களில் அணு இராது. பேருந்தில் ஆள் இல்லாத இருக்கை போல அந்த இடம் காலியாகக் கிடக்கும். இதைச் சிலர் ‘வெற்றிடம்’ என்று எழுதுகிறார்கள். காற்று நீக்கிய குடுவைக்கும் அதே சொல்லையே வழங்குவதால் மாணவர்களுக்குக் குழப்பம் உண்டாகிறது. ‘காலி இடம்’ என்பதே தெளிவு.

காலி இடத்தில் அணுக்கரு இல்லை. அணுக்கருக்கள் நேர்மின்னூட்டம் உடையவை. பாசிட்ரானும் நேர்மின்னூட்டம் உடையது. ஆகவே தன்னை விலக்கும் கரு இல்லாத அந்த இடம் பாசிட்ரானுக்கு ஒரு பள்ளம் போன்றது. அதில் விழுந்தால் எளிதில் வெளியேறாது. அங்கே எலெக்ட்ரான்களும் அடர்த்தி குறைந்தே இருக்கும். தன்னை அழிக்கக்கூடிய எலெக்ட்ரானைச் சந்திக்கும் வாய்ப்பு குறைவதால் பாசிட்ரானின் ஆயுள் நீள்கிறது. இரும்பில் ஒற்றைக் காலி இடத்தில் சிக்கிய பாசிட்ரான் ஏறக்குறைய 175 பிக்கோ வினாடி வாழ்கிறது. காலி இடங்கள் பல ஒன்றுகூடிச் சிறு குழியானால் ஆயுள் இன்னும் நீண்டு, 400 பிக்கோ வினாடியைத் தாண்டவும் கூடும்.

இரண்டாவது அளவை ஒன்றும் உண்டு. எலெக்ட்ரான் வேகமாக இயங்கிக்கொண்டிருப்பதால் 511 என்ற ஆற்றல் சற்றே கூடியும் குறைந்தும் வரும். புகைவண்டியின் ஊதல் நெருங்கும்போது ஒரு சுருதியிலும் விலகும்போது வேறு சுருதியிலும் கேட்பதை அறிவோம். அந்த டாப்ளர் விளைவே இங்கும் நிகழ்கிறது. காலி இடத்தில் அணுவின் உள்வட்ட எலெக்ட்ரான்கள், அதாவது மிகுந்த உந்தம் உடையவை, குறைவு. எனவே அங்கிருந்து வரும் கதிர்க்கோடு குறுகியதாக இருக்கும்.

1967: இரு கண்டுபிடிப்புகள்

இத்துறையில் 1967-ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. வெப்பநிலை உயர்ந்தால் சில உலோகங்களில் பாசிட்ரானின் ஆயுள் நீள்கிறது என்று மெக்கன்சியும் அவருடைய குழுவினரும் அவ்வாண்டு அறிவித்தார்கள். வெப்பத்தால் உண்டாகும் காலி இடங்களில் பாசிட்ரான் சிக்கிக்கொள்வதே அதற்குக் காரணம் என்பது பின்பு தெளிவாயிற்று. அதே ஆண்டில் காதார்ன், ஃபுல்டன் என்ற இருவர் வேறொரு செய்தியை வெளியிட்டார்கள். ஸ்காட்லாந்திலுள்ள டூன்ரே வேக உலையில் இருந்த எஃகை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதனுள் நுண்ணிய குழிகள் நிறைந்திருந்தன என்பதே அச்செய்தி.

வேக நியூட்ரான்கள் எஃகின் அணுக்களை இடித்துத் தள்ளுகின்றன. உலையில் எஃகு இருக்கும் காலத்தில் சராசரியாக ஒவ்வோர் அணுவும் பத்துக்கணக்கான தடவை தன் இடத்தைவிட்டு அகற்றப்படுகிறது. பெரும்பாலானவை மீண்டும் ஏதோ ஓர் இடத்தில் அமர்ந்துவிடும். எஞ்சும் காலி இடங்கள் கூடிக் குழிகளாகின்றன. குழிகள் பெருகினால் எஃகு வீங்குகிறது. வீங்கினால் குழாய் வளைகிறது. குளிர்விக்கும் திரவ சோடியம் செல்லும் வழி குறுகுகிறது.

இதனால்தான் இவ்வாய்வு கல்பாக்கத்துக்குத் தேவையாயிற்று. அங்குள்ள வேக ஈனுலைச் சோதனை உலை 1985 அக்டோபர் 18 அன்று தொடர்வினை நிலையை எட்டியது. அடுத்ததாக 500 மெகாவாட் திறனுக்குத் திட்டமிட்ட முன்மாதிரி உலையில், உலைக்கருவை நிரப்பும் பணி 2024 மார்ச்சில் தொடங்கியது. அதன் எரிபொருள் உறைக்குத் தேர்ந்த எஃகு ‘டி-9’ எனப்படுவது. குரோமியமும் நிக்கலும் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பங்கு வீதமும், சிறிது மாலிப்டினமும், மிகச் சிறிது டைட்டேனியமும் சேர்ந்தது அது.

பாராட்ட வேண்டியது

பாசிட்ரானின் பெருமை அதன் நுண்ணுணர்வு. பத்து லட்சம் அணு இடங்களுள் ஒன்று காலியாக இருந்தாலும் அது உணர்ந்துகொள்ளும். பாசிட்ரான் தன் சிறு வாழ்நாளுக்குள் நூறு நானோமீட்டர் அளவுக்கு அலைந்து திரிந்து இடம் தேடுவதே அதற்குக் காரணம். எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் அளவுள்ள குழியிலிருந்துதான் தெளிவாகக் காட்டத் தொடங்குகிறது. அதற்குள் பல காலி இடங்கள் கூடிவிட்டன என்று பொருள். ஒற்றைக் காலி இடம் முதல் ஒரு நானோமீட்டர்க் குழி வரையுள்ள தொடக்கநிலை பாசிட்ரானுக்கே உரிய வட்டாரம். நோய் முற்றிய பின் காட்டுவது நுண்ணோக்கி. முளைக்கும்போதே நாடி பார்ப்பது பாசிட்ரான் எனலாம்.

ஆனால் நாடி பார்ப்பதும் கண்ணால் பார்ப்பதும் ஒன்றல்ல.

பலாப்பழமும் பாசிட்ரானும்

திருவதிகையிலிருந்து எழுதும் எனக்கு இங்கே பலாப்பழம்தான் உவமையாகக் கிடைக்கிறது. பண்ருட்டிச் சந்தையில் பழத்தைத் தட்டிப் பார்த்து, ஓசையைக் கேட்டுப் பழுத்ததா காயா என்று சொல்லிவிடுவார்கள். பழகிய கைக்கு அது பெரும்பாலும் தவறாது. ஆனால் உள்ளே எத்தனை சுளை என்று அந்த ஓசை சொல்லாது. சுளையை எண்ணுவதற்குக் ‘கணக்கதிகாரம்’ என்ற பழைய கணித நூல் வேறொரு விதி சொல்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் தொகை வரும் என்பது அவ்விதி. விதி சரியா என்று எப்படி அறிவது? சில பழங்களையாவது அறுத்து எண்ணிப் பார்க்க வேண்டும். வேறு வழி இல்லை.

பாசிட்ரான் ஆய்விலும் வெளியே வருவது ஓர் ஓசைதான். ஆயுள் என்ற எண் ஒன்று கிடைக்கிறது. அந்த எண்ணிலிருந்து ‘இத்தனை காலி இடம்’, ‘இத்தகைய குழி’ என்று சொல்வது ஒரு விதியின் வழியே நிகழ்கிறது. அவ்விதியை ‘அறுத்துப் பார்த்து’ உறுதி செய்தார்களா என்பதே விமர்சகன் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

அளவை எடுக்கும் முறையிலேயே சில இடறுகள் உண்டு. கருவிகளின் நேரப் பிரிதிறன் பொதுவாக 200 பிக்கோ வினாடி அளவினது. அளக்க வேண்டிய ஆயுளோ அதைவிடக் குறைவு. பத்து லட்சம் போன்ற பெருந்தொகையில் நிகழ்ச்சிகளைச் சேர்த்து, கணக்கிட்டுப் பிரித்துத்தான் ஆயுளைப் பெறுகிறார்கள். சோடியம்-22-ஐப் பொதிந்து வைக்கும் மெல்லிய தகட்டிலேயே பாசிட்ரான்களில் ஒரு பகுதி அழிந்துவிடும். அதைக் கழிக்க வேண்டும். எஞ்சிய வளைகோட்டை இரண்டு ஆயுள்களின் கலவை என்று கொள்வதா, மூன்றின் கலவை என்று கொள்வதா என்பதை ஆய்வாளர்தான் முடிவு செய்கிறார். நேர்மையான ஆய்வுரையில் இம்முடிவுக்குக் காரணம் கூறப்பட்டிருக்கும். வெகுஜனக் கட்டுரையில் இது முற்றிலும் மறைந்துவிடும்.

பெட் ஸ்கேனுடன் ஒப்பிடும்போதும் ஒரு தவறு நேர்கிறது. பெட் ஸ்கேன் கதிர் எந்த இடத்திலிருந்து வந்தது என்று சொல்கிறது. ஆயுளை அளக்கும் முறை இடத்தைச் சொல்வதில்லை. எத்தகைய சூழலில் பாசிட்ரான் அழிந்தது என்று மட்டுமே சொல்கிறது. இரண்டையும் கலந்து ‘குறை உள்ள இடத்தைப் படம்பிடிக்கிறது’ என்று எழுதுவது பிழை.

சாட்சி எதைச் சொல்லாது?

நீதிமன்றத்தில் சாட்சி எங்கே நின்றார், அங்கிருந்து எது தெரியும் என்று குறுக்கு விசாரணை செய்வார்கள். பாசிட்ரானையும் அப்படி விசாரித்தால் மூன்று உண்மைகள் வெளிவருகின்றன.

முதலாவது: காலி இடத்தை உணரும் பாசிட்ரான், இடிபட்டு வரிசைகளுக்கிடையே நெருக்கிக்கொண்டு நிற்கும் மிகை அணுவை உணர்வதில்லை. அங்கே அதற்குப் பள்ளம் இல்லை. ஆனால் கதிர்வீச்சு ஒவ்வொரு காலி இடத்துக்கும் ஒரு மிகை அணுவை உண்டாக்குகிறது. கதையில் பாதிதான் இச்சாட்சிக்குத் தெரியும். மின்கடத்தாப் பொருள்களிலும் குறைகடத்திகளிலும் வேறு ஒரு சிக்கல் உண்டு. அங்கே சில காலி இடங்கள் நேர்மின்னூட்டம் பெற்றிருக்கும். அவை பாசிட்ரானை விலக்கிவிடும். அத்தகைய இடங்கள் எத்தனை இருந்தாலும் பாசிட்ரான் மௌனமாகவே இருக்கும்.

இரண்டாவது: காலி இடம் மிகுந்துவிட்டால் எண்ணிக்கை தெரியாது. பத்து லட்சத்துக்கு ஒன்று இருக்கும்போது இரும்பில் சராசரி ஆயுள் சில பிக்கோ வினாடிகள் உயரும். பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவை எட்டும்போது ஏறக்குறைய எல்லாப் பாசிட்ரான்களும் சிக்கிவிடும். அதன்பின் காலி இடம் பத்து மடங்கு பெருகினாலும் அளவீடு அசையாது. படி நிறைந்தபின் மேலும் நெல்லைக் கொட்டினால் அது வழிந்தோடுமே தவிர, படிக்குள் அளவு கூடாதன்றோ? நெய்வேலியிலிருந்து வரும் என் மாணவர் ஒருவர், அனல் மின் நிலையத்தின் கொதிகலன் குழாய்களை இம்முறையால் சோதிக்க முடியாதா என்று கேட்டார். நல்ல கேள்வி. நெடுநாள் வெப்பமும் அழுத்தமும் தாங்கிய குழாய் எஃகில் உருக்குலைவு வரிசைகள், கார்பைடுத் துகள்களின் விளிம்புகள் என்று பாசிட்ரானைப் பிடிக்கும் பொறிகள் பலவகையாக நிறைந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் ஆபத்தான குழியின் குரலைத் தனியே பிரித்தறிவது கடினம். ஆகவேதான் ஆலைச் சோதனைக்கு மீயொலி முறை போன்றவை கைகொடுக்கின்றன. பாசிட்ரான் இன்னும் ஆய்வுக்கூடத்துக்கே உரியது.

மூன்றாவது: ஒரே எண்ணுக்குப் பல பொருள் உண்டு. கல்பாக்கத்து ஆய்வுகளே இதற்கு நல்ல சான்று.

மூன்று கல்பாக்கத்து வழக்குகள்

முதல் வழக்கு ஹீலியம். உலையில் நிக்கல் முதலிய தனிமங்களில் நியூட்ரான் படும்போது ஹீலியம் உண்டாகிறது. அது காலி இடங்களில் புகுந்து குமிழியாகிறது. வெறுங்குழியில் பாசிட்ரானின் ஆயுள் நீளம். ஹீலியம் நிறைந்த குமிழியிலோ, ஹீலியத்தின் எலெக்ட்ரான்களே பாசிட்ரானை அழிக்க முன்வருவதால் ஆயுள் குறுகும். ஆகவே அழுத்தம் மிகுந்த பெரிய குமிழியும் வாயு இல்லாத சிறிய குழியும் ஒரே ஆயுளைக் காட்டலாம். அமரேந்திரா, விஸ்வநாதன், பாரதி, கோபிநாதன் ஆகியோர் நிக்கலில் ஹீலியக் குமிழிகள் தோன்றி வளர்வதை ஆராய்ந்து 1992-இல் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ இதழில் வெளியிட்டார்கள். இத்தகைய ஆய்வில் ஓர் எண்ணைக் கொண்டு தீர்ப்பு எழுத முடியாது. ஆயுள் எவ்வளவு, அத்தகைய ஆயுளுடைய பாசிட்ரான்கள் எத்தனை பங்கு, மாதிரியைப் படிப்படியாகச் சூடாக்கும்போது இரண்டும் எப்படி மாறுகின்றன என்று சேர்த்துப் பார்த்தால்தான் குமிழியின் பருமனும் அதிலுள்ள வாயுவின் அடர்த்தியும் பிரிந்து தெரியும்.

இரண்டாம் வழக்கு எஃகைப் பற்றியது. டைட்டேனியம் சேர்ந்த எஃகில் கார்பனுடன் அது கூடி, டைட்டேனியம் கார்பைடு என்ற நுண்துகள்களாகப் பிரியும். இத்துகள்களின் விளிம்புகள் காலி இடங்களையும் ஹீலியத்தையும் பிடித்துவைத்து வீக்கத்தைத் தள்ளிப்போடுகின்றன. அவை எந்த வெப்பநிலையில் தோன்றுகின்றன என்பது உலைப் பொறியாளர்களுக்கு வேண்டிய செய்தி. ராஜாராமன் முதலியோர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், குளிர்நிலையில் உருமாற்றம் செய்த இந்த எஃகைப் படிப்படியாகச் சூடாக்கினார்கள். முதலில் ஆயுள் குறைந்தது; பழைய குறைகள் ஆறுகின்றன என்று பொருள். மேலும் சூடாக்கியபோது ஆயுள் மறுபடி உயர்ந்தது! பின்னர் திரும்பவும் இறங்கியது.

‘ஆயுள் உயர்ந்தால் காலி இடம் பெருகிற்று’ என்று மட்டும் படித்த மாணவர் இங்கே தவறான முடிவுக்கு வந்துவிடுவார். உயர்வுக்குக் காரணம் புதிதாகத் தோன்றிய கார்பைடுத் துகள்களின் விளிம்புகளில் பாசிட்ரான் சிக்கியதுதான். துகள்கள் பருத்து எண்ணிக்கை குறைந்தபோது ஆயுளும் குறைந்தது. இது வெறும் ஊகம் இல்லை என்று எப்படிச் சொல்வது? டைட்டேனியம் சேராத எஃகில் அந்த ஏற்றம் காணப்படவில்லை. ஒப்புநோக்கும் மாதிரி ஒன்றை வைத்திருந்ததால்தான் முடிவுக்கு வலிமை வந்தது. பழத்தை அறுத்துப் பார்ப்பது என்று நான் மேலே சொன்னது இதைத்தான். தமிழில் எழுதுவோர் இவ்வாய்வைச் சொல்லும்போது ஒப்பு மாதிரியை விட்டுவிட்டால், ஆய்வின் உயிரையே விட்டுவிட்டவர்கள் ஆவார்கள்.

மூன்றாம் வழக்கு மீக்கடத்திகள். 1987-க்குப் பின் உயர் வெப்பநிலை மீக்கடத்திகளைப் பல நாட்டு ஆய்வுக்கூடங்களும் பாசிட்ரானால் சோதித்தன. மீக்கடத்து நிலை தொடங்கும்போது ஆயுள் கூடுகிறது என்றார் சிலர். குறைகிறது என்றார் வேறு சிலர். யார் சொல்வது சரி? கல்பாக்கத்தைச் சேர்ந்த சி. எஸ். சுந்தர், ஏ. பாரதி ஆகியோர் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1990-இல் வெளியிட்ட கட்டுரை இச்சிக்கலுக்கு வழிகாட்டியது. இப்படிகங்கள் பல அடுக்குகளால் ஆனவை. பாசிட்ரான் எல்லா அடுக்கிலும் சமமாகத் தங்குவதில்லை. ஒரு சேர்மத்தில் அது தாமிர-ஆக்சிஜன் தளங்களின் அருகே இருக்கும். மற்றொன்றில் வேறு அடுக்கில் இருக்கும். எங்கே தங்குகிறதோ அங்குள்ள எலெக்ட்ரான் அடர்த்தியைத்தான் அது அறிவிக்கிறது. சாட்சிகள் பொய் சொல்லவில்லை. வெவ்வேறு அறைகளில் நின்று பார்த்திருக்கிறார்கள். அவர் எந்த அறையில் நின்றார் என்பதைக் கணக்கிட்ட பிறகே சாட்சியம் பொருள் தந்தது.

கற்றை வந்தது, கவலை தீர்ந்ததா?

சோடியம்-22-இலிருந்து நேரே வரும் பாசிட்ரான் வேகமுள்ளது. எஃகில் சராசரியாக 30 மைக்ரோமீட்டர் ஆழம்வரை சென்றுவிடும். மெல்லிய படலங்களையும் மேற்பரப்பை ஒட்டிய சேதத்தையும் ஆராய அது உதவாது. இதற்காகவே மெதுவான பாசிட்ரான் கற்றை உருவாயிற்று. டங்ஸ்டன் போன்ற உலோகத் தகட்டில் வேகப் பாசிட்ரான்களைப் பாய்ச்சினால், பத்தாயிரத்துக்கு ஒன்று முதல் ஆயிரத்துக்கு ஒன்று வரை வேகம் இழந்து மேற்பரப்பின் வழியே வெளிவரும். அவற்றைத் திரட்டி, வேண்டிய மின்னழுத்தம் கொடுத்து முடுக்கி மாதிரியின்மேல் செலுத்துகிறார்கள். கல்பாக்கத்தில் இத்தகைய கற்றையை அமைத்தவர்கள், ஆழவாரியாகக் குறைகளை அறியும் இம்முறையைப் பற்றி 1997-இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் விரிவாக எழுதினார்கள். மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் இத்தகைய கற்றை உண்டு. ஜெர்மனியில் மியூனிக் அருகிலுள்ள ஆராய்ச்சி உலையில் வினாடிக்கு நூறு கோடி மெதுப் பாசிட்ரான்கள் வரை பெற்றிருக்கிறார்கள்.

மின்னழுத்தத்தை மாற்றினால் ஆழம் மாறும். எஃகில் 1 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு ஏறக்குறைய 5 நானோமீட்டர், 10-க்கு 200, 20-க்கு 600. இதைக் கண்டு, ‘ஆழம் ஆழமாகச் சீவிப் பார்க்கிறது’ என்று சொல்லத் தோன்றும். இங்கும் நிதானம் வேண்டும். 600 என்பது சராசரி. பாசிட்ரான்கள் மேற்பரப்பு தொடங்கி ஏறக்குறைய அதன் இருமடங்கு ஆழம்வரை பரவி நிற்கும். ஆழம் கூடக் கூடப் பரவலும் கூடும். போதாக்குறைக்கு, நின்ற இடத்திலிருந்து மேலும் அலைந்து திரியும். மேற்பரப்பின் அருகே கூர்மையாக வெட்டும் கத்தி, உள்ளே போகப் போக மழுங்கிவிடுகிறது. எனவே ‘இத்தனை நானோமீட்டர் முதல் இத்தனை நானோமீட்டர் வரை குறை உள்ளது’ என்ற வாசகம் அளவீடு மட்டும் தந்ததன்று. பரவலைக் கணக்கிட்டு, பொருத்தமான ஒரு மாதிரியைக் கற்பித்துப் பெற்றது.

இன்னும் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. உலையில் பல்லாண்டுகளில் விளையும் சேதத்தை அறிய அத்தனை காலம் காத்திருக்க இயலாது. ஆகவே முடுக்கியிலிருந்து நிக்கல் போன்ற அயனிகளைப் பாய்ச்சிச் சில மணி நேரத்தில் சேதத்தை உண்டாக்குகிறார்கள். கல்பாக்கத்தில் 1.7 மில்லியன் வோல்ட் முடுக்கி இதற்குப் பயன்பட்டது. டைட்டேனியத்தின் அளவு மாறினால் டி-9 எஃகின் வீக்கம் எப்படி மாறுகிறது என்பதை இவ்வழியில் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். பயனுள்ள வேலை. எனினும் பல்லாண்டுச் சேதத்தைச் சில மணியில் திணிக்கும்போது, காலி இடங்கள் நடந்து சென்று கூடுவதற்கு அவகாசம் குறைகிறது. அதை ஈடுகட்ட வெப்பநிலையை உயர்த்துகிறார்கள். எவ்வளவு உயர்த்துவது என்பது கோட்பாட்டைச் சார்ந்தது. அயனியோ ஒரு மைக்ரோமீட்டர் அளவு ஆழத்துக்குத்தான் செல்லும். அதன் சேதம் உச்சத்தை எட்டும் ஆழத்தில்தான் பாசிட்ரான் கற்றையின் கூர்மையும் குன்றியிருக்கும். ஆய்வுக்கூடத்து மாதிரியிலிருந்து உலையின் குழாய்க்குச் செல்லும் பாதையில் இவ்வளவு படிகள் இருக்கின்றன. உலையிலேயே இருந்து வெளியே எடுத்த எஃகைச் சோதிப்பதுதான் இறுதித் தீர்ப்பு. பாசிட்ரானும் அயனிக் கற்றையும் எந்த எஃகைத் தேர்ந்து உலையில் வைக்கலாம் என்று விரைவில் சொல்லும் ஆலோசகர்கள். அப்பணியில் அவற்றுக்கு ஈடு குறைவு.

நாம் செய்ய வேண்டியது

இத்துறை ஆய்வாளர்கள் மேற்சொன்ன எல்லைகளை அறியாதவர்கள் அல்லர். தம் ஆய்வுரைகளில் அவற்றை எழுதியே வைக்கிறார்கள். குறை, அவ்வுரைகளை மக்களுக்கு எடுத்துச் சொல்லும் நம் போன்ற ஆசிரியர்களிடமும் எழுத்தாளர்களிடமும் இருக்கிறது. எளிமைப்படுத்துவதாக எண்ணி, ‘இருக்கலாம்’ என்பதை ‘இருக்கிறது’ என்று மாற்றுகிறோம். ஒப்பு மாதிரியை இடமில்லை என்று விட்டுவிடுகிறோம். ‘எதிர்ப்பொருள்’ என்று எழுதி ஒரு பத்தியை வியப்பில் கழிக்கிறோம். தமிழ்வழிப் படிக்கும் மாணவருக்கு வியப்பு மட்டும் போதும், ஐயப்படும் கலை வேண்டாம் என்று நாமே முடிவு செய்துவிடுவது போல் ஆகிறது அது. ஆங்கில ஆய்வுரையைத் தேடிப் படிக்க வாய்ப்பில்லாத மாணவருக்குத்தான் இதனால் இழப்பு அதிகம்.

ஆகவே, பாசிட்ரானைப் பற்றி இனி ஒரு செய்தியைப் படித்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நேரடியாக அளந்தது எது: ஆயுளா, கதிர்க்கோட்டின் அகலமா? அதே அளவீட்டை வேறு காரணத்தாலும் விளக்க முடியுமா? அவ்வேறு காரணத்தை நீக்க ஒப்பு மாதிரியோ நுண்ணோக்கியோ துணைக்கு வந்ததா? மூன்றுக்கும் விடை இருந்தால் அச்செய்தியை நம்புங்கள். இல்லையேல், பலாப்பழத்தைத் தட்டிய ஓசையை மட்டும் கேட்டிருக்கிறோம் என்று குறித்துக்கொண்டு, அறுத்துப் பார்த்தவர் யார் என்று தேடுங்கள்.

கல்லூரிகளில் இயற்பியல் பயிலும் நண்பர்களுக்கு ஒரு சொல். பாசிட்ரான் ஆய்வில் விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அளவீட்டுக்கும் விளக்கத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பழகுவதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். உங்கள் ஆய்வக ஏட்டில் எழுதும் அடுத்த சோதனையிலேயே அதைத் தொடங்கலாம்.